அவிழ்க்கும் முன் எழுது: ஆரணி ரோட்டில் ஐந்து நாள்

நாள் 1: மணிக்கூண்டிலிருந்து மலையடிவாரம்

வேலூர் லாங் பஜாரில், மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு நடுவே நிற்கிற மணிக்கூண்டை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914–18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி. மீதி 263 பேர் திரும்பி வந்து என்ன தொழில் செய்தார்கள், எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பதற்குக் கல் கிடையாது. அந்த வழியில் வந்த, இப்போது கருகிய மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற ஒரு முன்னாள் படைவீரரின் பட்டறையைத் தேடித்தான் இந்தப் பயணம்.

வேலூரிலிருந்து தெற்கே ஆரணி ரோடு. கணியம்பாடி நெருங்கும்போது வலப்பக்கம் ஜவ்வாது மலை தெரிய ஆரம்பிக்கிறது. உள்ளே திரும்பினால் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றுதான் பல பேருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். இந்தப் பக்கத்தில் படைக்குப் போவது நெல், வேர்க்கடலை மாதிரி ஊரோடு ஒட்டிய விஷயம். பத்தாவது முடித்த பையன் விடியற்காலை ரோட்டில் ஓடினால் எதற்கு ஓடுகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் போய்ச் சேர்கிற இடம் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம். 1780-இல் தொடங்கிய படை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. ராணுவம் முழுக்க இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. முள்கம்பி வேலியை உடைக்க, வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து அடியில் தள்ளுகிற 'பெங்களூர் டார்பிடோ' 1912-இல் இங்கேதான் உருவானது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், மிதிபட்ட கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட வந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்ரமணியன் இந்தப் படைக்காரர். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரவிருது கொடுக்கப்பட்டது.

இந்தப் படையில் சேர்ந்தவன் துப்பாக்கியோடு ஒரு கைத்தொழிலும் படித்தாக வேண்டும். தச்சு, கொத்து, கொல்லு, பிளம்பிங், எலக்ட்ரீஷியன் என்று பிரித்துவிடுவார்கள். ஊர் திரும்பிய பிறகு அது எவ்வளவு தூரம் சோறு போடுகிறது என்பதைப் பட்டறையில்தான் பார்க்க வேண்டும்.

தேடி வந்தவர் 1986-இல் சேர்ந்து, 24 வருஷமும் 2 வருஷ நீட்டிப்பும் முடித்து, 2012-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். எலக்ட்ரீஷியன் டிரேடு. தன் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம் என்றார். ஊரில் 'மிலிட்டரி அண்ணன்' என்றால் போதும். ரோட்டோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன் கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறை, பின்னால் வீடு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. மூடியில் வெள்ளை எழுத்தில் படை எண், ரேங்க், பெயர். ஓரங்களில் பெயின்ட் உரிந்து, ஒரு கீலுக்குப் பதில் கம்பி கட்டியிருக்கிறது. இருபத்தாறு வருஷம் ரயிலேறி இறங்கிய பெட்டி. இப்போது அதற்குள் இனாமல் கம்பி உருளைகள், கேஜ் (தடிமன்) வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் காகிதத்தில் எடை எழுதி ஒட்டியிருக்கிறது.

நாள் 2: கருகியதைப் படிப்பது

காலை ஆறரைக்கு ஒரு டிவிஎஸ் வண்டியின் பின்னால் கயிறு கட்டிய மோனோபிளாக் மோட்டார், பம்பும் மோட்டாரும் ஒரே உடம்பாக இருப்பது, வந்து இறங்கியது. 5 குதிரைத்திறன், மூன்று ஃபேஸ், அதாவது மூன்று கரண்ட் லைனில் ஓடுவது. கொண்டுவந்தவர் சொன்னது ஒரே வரி: "நைட்டு கரண்ட்ல ஓடிக்கினு இருந்துச்சு அண்ணே. காத்தால போய்ப் பாத்தா பொக வாசன."

உடனே ஸ்பேனர் எடுக்கவில்லை. நோட்டு எடுத்தார். தகட்டில் உள்ளதை முதலில் எழுதினார்: 3.7 கிலோவாட், 415 வோல்ட், 7.5 ஆம்பியர், 2880 சுற்று, டெல்டா (மூன்று ஃபேஸ் காயிலையும் முக்கோணமாக இணைப்பது). பிறகு சென்டர் பஞ்சால் ஒரு பக்க மூடியிலும் உடம்பிலும் ஒரு புள்ளி, மறுபக்கம் இரண்டு புள்ளி. மூடி பழைய இடத்திலேயே உட்கார வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் நடுவே சுற்றுகிற ரோட்டர் ஒரு பக்கம் ஒட்டி, காயிலைத் தாங்கிச் சுற்றி நிற்கிற ஸ்டேட்டரை உரசும்.

பிறகுதான் கழற்றினார். இம்பெல்லர் நட், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற கிளாண்டு, மூடி, ரோட்டர். பேரிங்கைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். வெளி வளையத்தில் சுத்தியல் பட்டால் உள்ளே குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழும். கையில் சுழற்றினால் தெரியாது, ஒரு மாதம் கழித்துச் சத்தமாகத் தெரியும்.

உள்ளே பார்த்ததும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். கருகிய காயில் ஒரு கடிதம் மாதிரி. எரிந்த இடமும் எரியாத இடமும் சேர்ந்து என்ன நடந்தது என்று சொல்லிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் புதுக் காயில் கட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

மொத்தக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அதிகச் சுமை, அல்லது பல நாள் குறைந்த வோல்டேஜ். மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் இருமடிக்கேற்பக் குறையும். 415-க்குப் பதில் 330 வந்தால் விசை 63 சதவீதம்தான். தண்ணீரின் எடை குறையாது, அதனால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். ஒரே காயிலில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் உருகிச் செம்பு முத்துப் போட்டிருந்தால் அது சுற்றுக்குச் சுற்று ஷார்ட்: கட்டும்போது கம்பி உரசியிருக்கும் அல்லது வார்னிஷ் உள்ளே இறங்கியிருக்காது. காடியின், அதாவது காயில் உட்காரும் பள்ளத்தின், வாயில் வெடித்து, இரும்பில் தழும்பு இருந்தால் காப்புக் காகிதம் கிழிந்து, கரண்ட் இரும்பில் இறங்கி எர்த் ஆகியிருக்கிறது.

இந்த மோட்டாரில் காயில்களின் ஆறு குரூப்பில் எதிரெதிராக இருந்த இரண்டு குரூப் கரிக்கட்டை. மற்ற நான்கும் தேன் நிறத்தில் அப்படியே இருந்தன. "ஒரு ஃபேஸ் போயிருக்கு" என்றார். டெல்டா இணைப்பில் வருகிற மூன்றில் ஒரு லைன் அறுந்தால், மிச்சமிருக்கும் இரண்டு லைனுக்கு நடுவே நேராக மாட்டிக்கொள்கிற ஒரு ஃபேஸ் காயில் சுமையின் பெரும்பகுதியை இழுத்து முதலில் எரியும். மூன்றையும் ஒரே புள்ளியில் சேர்க்கிற ஸ்டார் இணைப்பாக இருந்தால் கணக்கு தலைகீழ்: இரண்டு ஃபேஸ் எரிந்து ஒன்று தப்பிக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும், கிணற்றடிக்குப் போகாமலே காரணம் சொல்லிவிடலாம்.

ஃபியூஸ் கட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மூன்று கட்டையில் இரண்டில் தடித்த செம்புக் கம்பி முறுக்கிப் போட்டிருந்தது. ஒன்றில் மட்டும் சரியான கம்பி, அதுதான் உருகியிருந்தது. மூன்றிலும் சரியான கம்பி இருந்தாலும் ஒன்று மட்டும் போய் மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடலாம், ஃபியூஸ் ஷார்ட்டுக்குத்தான் காவல். ஃபேஸ் போவதைப் பிடிக்கச் 'சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர்' வேண்டும். கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயும் தகட்டில் போட்ட ஆம்பியருக்கு வைத்திருக்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ரிலேயை மேலே திருகி வைப்பதுதான் இந்தப் பக்கத்தில் பாதி மோட்டாரைக் கொல்கிறது என்பது அவர் கணிப்பு.

அவிழ்ப்பதற்கு முன் மறுபடியும் நோட்டு. காடி 24. காயில் 12. இரண்டு இரண்டாக 6 குரூப். பெரிய காயில் 1-லிருந்து 12-க்கு, உள்காயில் 2-லிருந்து 11-க்கு. கனெக்‌ஷன் எந்தப் பக்கம், முனைகள் எந்தப் பக்கம் வெளியே வருகின்றன, காயில் தலை இரும்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விட்டவர்கள், எல்லாம் கட்டி முடித்து மூடியைப் போடும்போது மூடி காயிலில் இடித்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள்.

அதன்பிறகு உளி வைத்து ஒரு பக்கத் தலையை வெட்டி, மூன்று காயிலை எண்ணினார். 68, 68, 66. ஏற்கெனவே ஒருமுறை யாரோ கட்டிய மோட்டார், எண்ணிக்கை தவறியிருக்கிறது. சுற்று குறைந்தால் சும்மா ஓடும்போதே அதிகக் கரண்ட் இழுத்து இரும்பு சூடேறும். கூடினால் விசை குறைந்து, வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மோட்டார் எழும்பாது. கம்பியின் இனாமலை எரித்து, துடைத்து, மைக்ரோமீட்டரில் பார்த்தால் 1.01 மில்லிமீட்டர்: 19 கேஜ். இனாமலோடு அளந்தால் ஒரு கேஜ் தப்பிவிடும்.

சில இடங்களில் ஸ்டேட்டரை விறகுத் தீயில் போட்டுக் காயிலை எரித்து எடுப்பார்கள். வேலை சுலபம். ஆனால் ஸ்டேட்டர் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளின் அடுக்கு, ஒவ்வொரு தகட்டுக்கும் மின்காப்புப் பூச்சு உண்டு. தீயில் அந்தப் பூச்சு போனால் தகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அந்த மோட்டார் ஆயுள் முழுக்கச் சூடாகவே ஓடும். 350 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் வைத்திருக்கிற வரம்பு. வார்னிஷ் இளகுமளவு சூடாக்கி, கட்டிங் பிளேயரால் கொத்துக் கொத்தாக இழுத்தார். பிற்பகல் முழுக்க அதுவே ஆனது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் தொடுவது எங்கிருந்து வந்த பழக்கம் என்பதும் அன்று சாயங்காலம் பேச்சில் வந்தது. 2001 டிசம்பர் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படைகளை எல்லைக்கு நகர்த்திய ஆபரேஷன் பராக்கிரமில் மேற்கு எல்லை நெடுக, விவசாய நிலங்களிலும் கூட, கண்ணிவெடி புதைத்தார்கள். புதைக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் பதிவேடு உண்டு. நகராத ஓர் அடையாளத்திலிருந்து எத்தனை டிகிரி, எத்தனை மீட்டர், வரிசைக்கு எத்தனை, எந்த ரகம். மாதங்கள் கழித்துத் திரும்ப எடுக்கும்போது அந்தக் காகிதம்தான் கண். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அந்த வரிசை முடிந்ததாகக் கணக்கில்லை. மழையில் மண் அரித்து, மணல் நகர்ந்து, வெடி இடம் மாறியிருக்கும். அப்போது குப்புறப் படுத்து, ஊசியை 30 டிகிரி சாய்வில், சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை குத்திக்கொண்டே போக வேண்டும். நேராக மேலிருந்து குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். எழுதியவன் ஒருவன், எடுப்பவன் வேறொருவன். அவ்வளவுதான் அவர் சொன்னது. 1999 கார்கில் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை, ஸ்டேட்டரைத் துடைக்க எழுந்துவிட்டார்.

நாள் 3: அறுபத்தெட்டுச் சுற்று

காலையில் காடிகளைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, காகிதம் போடும் வேலை. காடிக்குள் போகிற காகிதம் இரும்பின் நீளத்தைவிட இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் கூடுதல், அதை மடித்துக் காலர் மாதிரி விட வேண்டும். மடிப்பில்லாமல் நேராக வெட்டிப் போட்டால் கம்பி தள்ளும்போது காகிதம் உள்ளே நழுவி, காடியின் விளிம்பு கம்பியைக் கீறும். எர்த் ஆகிற மோட்டார்களில் கோளாறு தொடங்குவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

காயில் சுற்றுவது வீட்டுக்காரம்மா. ஃபார்மா என்கிற மர அச்சில், கையால் சுழற்றும் மெஷினில், எண்ணி மீட்டர் வைத்து. மீட்டர் இருந்தாலும் வாயும் முணுமுணுக்கிறது. 68-இல் நிறுத்தி, நூலால் இரண்டு இடத்தில் கட்டி, கழற்றி வைக்கிறார். 12 காயிலுக்கும் சேர்த்து நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பி. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. ஒருமுறை போன் அடித்தது, 41-இல் இருந்தார், 68 முடித்த பிறகுதான் எடுத்தார். பக்கத்தில் நின்ற மகனிடம், "உங்கப்பாரு பட்டாளத்துல இருந்தப்போ வாரத்துக்கு ஒரு போனு. இப்ப இன்னா அவசரம்?" என்றார்.

ஒரு கணக்கு சொல்ல வேண்டும். சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. ஒரு நாள் விடாமல் கிடைத்தாலும் 26 வருஷத்தில் 2,340 நாள், ஆறரை வருஷம் கூட வராது. அதிலும் ரயிலில் போவது எத்தனையோ. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது, மாமனார் மாமியாரைப் பார்த்தது, வீடு கட்டியது, கிணற்றுக்குக் கரண்ட் வாங்கியது எல்லாம் அந்த அம்மா. 2012-இல் ஹவில்தார் வந்து சேர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் புது ஆளாகத்தான் வந்தார். பட்டறையில் அவருக்கு ஒரு வேலை, அம்மாவுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டது அந்த முதல் இரண்டு வருஷத்தில்தான். செக்யூரிட்டி வேலைக்குக் கூப்பிட்டார்களாம். கையில் தொழில் வைத்திருப்பவரை வாசலில் உட்காரவைப்பது அந்தத் தொழிலுக்குச் செய்யும் அநியாயம். போகாமல் இருந்தது நல்லது.

காயிலைக் காடியில் இறக்குவது நாலைந்து கம்பியாக, மூங்கில் குச்சியால் வருடி. இரும்பு எதுவும் கம்பியைத் தொடக் கூடாது. நிரம்பியதும் காகிதத்தை மூடி மேலே மூங்கில் ஆப்பு. பச்சை மூங்கில் ஈரம் இழுக்கும், நன்றாகக் காய்ந்து வார்னிஷில் ஊறியதுதான் வேண்டும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே தனிக் காகிதம். 415 வோல்ட் வித்தியாசம் நிற்கிற இடம் அது, சோம்பல் பட்டு விட்டவர்கள் பிறகு வருந்துவார்கள். முனைகளை இணைத்து, ஸ்லீவ் போட்டு, பருத்தி நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டினார். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் பல மடங்கு கரண்ட் பாயும், அந்த உதறலில் ஆடாமல் பிடிப்பது இந்த நாடாதான்.

பிறகு சோதனை. மூன்று ஃபேஸின் ஓம் ஒன்றாக வர வேண்டும்; இந்த மோட்டாருக்கு மூன்றரையை ஒட்டி வந்தது. ஒன்று மட்டும் குறைந்தால் எண்ணிக்கை தப்பு அல்லது ஷார்ட். மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் இரும்புக்கும் நடுவே, ஃபேஸுக்கு ஃபேஸ் நடுவே. புதுக் காயிலில் நூறு மெக்ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். ஓடுகிற பழைய மோட்டாரில் ஒன்றுக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது.

சாயங்காலம் வார்னிஷ். ஈரம் போக ஸ்டேட்டரை முதலில் சூடாக்கி, சூட்டோடு வார்னிஷில் முக்கினார். குமிழி நிற்கும்வரை எடுக்கக் கூடாது, குமிழி வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். வடியவிட்டு அடுப்பில் வைப்பது. பெரிய பட்டறையில் 120 டிகிரியில் ஆறேழு மணி நேரம். இங்கே பழைய இரும்பு பீரோவுக்குள் 200 வாட் பல்பு வரிசை, சூடு நூறைத் தொடாது. அதனால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும்.

நீர்மூழ்கி மோட்டார் என்றால் கதையே வேறு. உள்ளே தண்ணீர் நிரம்பிய ரகத்துக்கு வார்னிஷ் கிடையாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி ஒவ்வொரு சுற்றாகக் காடிக்குள் இழுக்க வேண்டும், உறையில் ஒரு கீறல் விழுந்தால் முழுக் கம்பியும் வீண். இறக்கும் முன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்ப மறந்தால் அடியில் தண்டின் பாரத்தைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் சில நிமிஷத்தில் தேய்ந்துவிடும்.

நாள் 4: காகிதங்கள்

பீரோ அடுப்பு வேலை செய்யும் நாளில் வேலூர் போகலாம் என்று கிளம்பியது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. ஹவில்தாருக்குச் சொந்த வேலை எதுவும் இல்லை, ஊரில் ஒரு விதவையின் வேலை.

புருஷன் நாயக்காக ஓய்வுபெற்று இறந்துபோனார். பென்ஷன் ஆணையில் மனைவி பெயர் 'செல்வி'. ஆதாரில் 'செல்வியம்மாள்', பின்னால் அப்பா பெயர் விரிவாக. பிறந்த தேதி ஆணையில் வருஷம் மட்டும். உயிரோடு இருந்தபோது யாரும் கவனிக்காத வித்தியாசம், குடும்பப் பென்ஷன் கேட்கும் நாளில் சுவர் மாதிரி நின்றது. பல மாதம் பணம் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தை இந்தப் பயணத்தில் வேறு எதையும்விட அழுத்திச் சொல்ல வேண்டும்.

படையில் கல்யாணமும் குழந்தை பிறப்பும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற பதிவில் ஏறும். அதிலிருந்துதான் டிஸ்சார்ஜ் புக்கும் பென்ஷன் ஆணையும். விடுப்பில் வந்து கல்யாணம் முடித்துத் திரும்பிய பையன் யூனிட் கிளர்க்கிடம் வாயால் சொன்ன பெயர் ஆங்கிலத்தில் எப்படி விழுந்ததோ அப்படியே ஆயுள் முழுக்க. தமிழ்ப் பெயரின் இனிஷியல் ஓர் இடத்தில் முன்னால், இன்னோர் இடத்தில் விரிந்து பின்னால். கணினிக்கு இரண்டும் இரண்டு ஆள். ஓய்வுபெற்றவர் உயிரோடு இருக்கும்போதே ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பம், ஆதார் நகல், உறுதிமொழிப் பத்திரம் அனுப்பித் திருத்திவிட்டால் கையெழுத்துப் போட அவர் இருக்கிறார். பிறகு அந்த அம்மா, தான் அவர் மனைவிதான் என்று காகிதம் காகிதமாக நிரூபிக்க வேண்டும்.

ஆகவே முன்னாள் படைவீரர் வீட்டில் இன்றே உட்கார்ந்து பார்க்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உள்ள விவரம், ஆதார், பான், வங்கிக் கணக்கு. ஆறிலும் மனைவி பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா, பிறந்த தேதி ஒன்றா, கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா. ஆயுள் சான்று வருஷம் ஒருமுறை கொடுக்க வேண்டும், விட்டால் பென்ஷன் நின்றுவிடும். விரல் ரேகை தேய்ந்துபோன கைத்தொழிலாளிகளுக்கு ரேகைக் கருவி பலமுறை மறுக்கும், முகம் காட்டிச் செய்யும் செயலி இப்போது இருக்கிறது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ இருந்தால், பெற்றோருக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்பப் பென்ஷனுக்கு வழி உண்டு. அதையும் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும்.

தொகையும் தெரிந்திருக்கட்டும். ஓய்வுக்குப் பிறகு இறந்தால் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதக் கணக்கில் 7 வருஷம், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, எது முன்னதோ அது. பிறகு 30 சதவீதம். ஓய்வின்போது பென்ஷனில் பாதிவரை விற்று மொத்தப் பணமாக வாங்கியிருந்தால் 15 வருஷத்தில் அது மீளும். 45 வயதில் வெளியே வருபவருக்கு அந்த 15 வருஷம்தான் பிள்ளைகள் படிப்பும் கல்யாணமும். கைத்தொழில் அங்கேதான் தாங்குகிறது.

திரும்பும் வழியில் ஒரு பெரியவர் பஸ்ஸில் ஏறினார். 1971 பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பக்கம் இருந்தவர். பசந்தர் ஆற்றங்கரையில் பொறியாளர்கள் ராத்திரியில் கண்ணிவெடி வயலுக்குள் டாங்கிகளுக்குப் பாதை திறந்த போர் அது. காது சரியாகக் கேட்கவில்லை. ஹவில்தார் அவருடைய காதுப் பக்கம் குனிந்து, "ஐயா, லைஃப் சர்டிபிகேட் குடுத்தாச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஹவில்தாரின் மகன் பாலிடெக்னிக் முடித்திருக்கிறான். அக்னிவீர் போகலாமா என்ற பேச்சு வீட்டில் ஓடுகிறது. 2022-இல் வந்த இந்த முறையில் நாலு வருஷம், அதன்பின் நூற்றுக்கு 25 பேர்வரைதான் தொடர முடியும், மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. அப்பா போகாதே என்று சொல்லவில்லை. ஒரு டிரேடு கையில் ஊறுவதற்கு நாலு வருஷம் பத்தாது, காயில் கட்டக் கற்றுக்கொண்டு போ என்கிறார்.

நாள் 5: கிணற்றடி

விடியற்காலை பீரோவைத் திறந்து பார்த்தார். நகத்தால் கீறினால் வார்னிஷில் தடம் விழவில்லை. பேரிங்கைச் சூடாக்கிய எண்ணெயில் வைத்து, 100 டிகிரி அளவில் எடுத்துத் தண்டில் நுழைத்தார், தானே போய் உட்கார்ந்தது. புள்ளிக்குப் புள்ளி மூடி. பட்டறையிலேயே சும்மா ஓட்டியதில் மூன்று லைனிலும் 3 ஆம்பியரை ஒட்டி, சமமாக.

கிணறு எண்பது அடி ஆழ வட்டக் கிணறு, பாறை வெட்டியது. பாதியில் திட்டு, அங்கே மோட்டார். திட்டிலிருந்து தண்ணீர் மட்டம் இருபது அடிக்குள் இருக்க வேண்டும். பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம், உண்மையில் வெளிக்காற்றுதான் கீழிருந்து தள்ளுகிறது. கணக்கில் அதன் வரம்பு 10.3 மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரும் இறங்க வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் பம்புக்குள் சரளை அள்ளிப்போட்ட மாதிரி சத்தம் வரும். அது இம்பெல்லரைக் குழி குழியாகத் தின்கிற சத்தம்.

சக்‌ஷன் பைப் பம்பை நோக்கி மேல்நோக்கியே ஏறிவர வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வைக் கழற்றியதில் தோல் வாஷரின் ஓரத்தில் சின்னக் கூழாங்கல் சிக்கியிருந்தது. இதனால்தான் தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிரைம் செய்திருக்கிறார்கள். கிளாண்டில் புதுக் கயிறு, வெட்டு வாய்கள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்தார். இறுக்கியது விரல் பலத்துக்குக் கொஞ்சம் மேல். ஓடும்போது நிமிஷத்துக்கு முப்பது நாற்பது சொட்டு விழ வேண்டும். சொட்டே விழாதபடி இறுக்குவதைப் பலர் நல்ல வேலை என்று நினைக்கிறார்கள். அது தண்டைத் தேய்த்து மோட்டார் சுமையைக் கூட்டும்.

ஸ்விட்ச் பெட்டியில் மூன்று ஃபியூஸிலும் புதுக் கம்பி. ப்ரிவென்டர் மாட்டியது. ரிலே 7.5-இல். நிலத்துக்காரர், "கொஞ்சம் ஏத்தி வைங்க அண்ணே, நைட்டுல வுயுந்துட்டா யாரு எழுந்து வர்றது?" என்றார். ஹவில்தார் திருப்புளியைப் பைக்குள் போட்டுவிட்டார்.

பத்தரைக்கு மூன்று ஃபேஸ் வந்தது. பட்டனைத் தட்டி உடனே நிறுத்தி, சுற்றும் திசையை அம்புக்குறியோடு பார்த்தார். தலைகீழ். இரண்டு வயரை மாற்றிப் போட்டார். மாற்றாமல் ஓட்டியிருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும், ஆனால் பாதியளவு. பல கிணறுகளில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, கிணற்றில் ஊற்று குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு.

மறுபடி தட்டினார். முதலில் பைப்பில் ஒரு இருமல், பிறகு கலங்கல், பிறகு தொட்டியில் முழு வாய்த் தண்ணீர். வரப்பில் நின்ற நிலத்துக்காரரின் மனைவி, "எழுந்துக்கிச்சு!" என்று உள்ளே கத்தினார். ஹவில்தார் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயராகக் கவ்வவிட்டார். 7.1, 7.2, 7.1. வோல்டேஜ் 398. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி ஒருமுறை. பிறகு சாக்பீஸால் பெட்டிக் கதவின் உள்பக்கம் தேதி, மூன்று ஆம்பியர், வோல்டேஜ், சுற்று 68, கேஜ் 19 என்று எழுதி, அதே வரியை நோட்டிலும் எழுதிக்கொண்டு திட்டிலிருந்து ஏறினார்.